தங்கவயலில் இறுதி மூச்சு

பங்காருபேட்டைச் சந்திப்பில் பிரிந்து மாரிக்குப்பம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, வடாற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து தமிழரைக் கர்நாடகத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டு சேர்த்த பாதை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே அவர்கள் பாறை பிளந்தனர். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அவர்கள் உள்ளிழுத்த தூசு நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

பாறையைத் துளையிடுகையில் எழும் சிலிக்காத் துகளை நுரையீரலின் விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. அழிக்க இயலாமல் தாமே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு வளர்கிறது. தழும்பேறிய நுரையீரல் விரியாது, மூச்சு கொள்ளாது. சுரங்கத்தை விட்டு வந்த பின்னும் இந்தச் சிலிக்கோசிஸ் நோய் முற்றும். காசநோயும் எளிதில் பற்றும். 1940களில் தங்கவயலில் நடந்த ஆய்வு, சோதித்த தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிக்கோசிஸைக் கண்டது. இழப்பீட்டுக்கு விதிகளும் பிறந்தன.

அவ்விதிகளின் பயன் பெரும்பாலும் ஆணுக்கே. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்ணை நிலத்தடிப் பணியிலிருந்து விலக்கியது, அது முறையே. ஆயினும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டின் விறகுப் புகையும், காற்றடித்தால் சுரங்கக் கழிவுக் குவியலான சயனைடு மேட்டிலிருந்து பறந்துவரும் தூளும் அவள் நுரையீரலுக்குள்ளும் சென்றன. நுரையீரல் அளவு ஒத்திருப்பினும் பெண்ணின் மூச்சுக்குழாய் ஆணினதைவிடக் குறுகியது. எனவே அதே உழைப்பு அவளுக்குக் கூடுதல் மூச்சுத்திணறலைத் தரும். அவள் இருமலுக்கோ எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை.

முற்றிய நிலையில் நோயைக் குணப்படுத்த முடியாது. துன்பத்தைத் தணிக்க முடியும். சிற்றளவு மார்ஃபின், மூச்சுக்குத் தவிக்கும் உணர்வை மூளையில் தணிக்கிறது. முகத்தில் படும் விசிறிக்காற்றும் அவ்வாறே உதவும். தலையணைமேல் முன்சாய்ந்து அமர்ந்தால் நெஞ்சு சற்றே இளகும். எளிய வழிகள்தாம், ஆனால் நள்ளிரவில் விசிறவும் தாங்கிப் பிடிக்கவும் ஒரு கை வேண்டும். சுரங்கத் தொழிலாளிக்கு அந்தக் கை மனைவியினுடையது. அவளோ அவனைவிட இளையவள். பெண் என்பதால் ஆயுளும் நீண்டவள். அவன் போனபின் அவள் படுக்கும்போது விசிற யார்? இல்லப் பராமரிப்பு என்று நாம் பெருமையோடு சொல்லும் ஏற்பாடு, வீட்டில் ஒரு மனைவி இருப்பாள் என்னும் எண்ணத்தின்மீதே நிற்கிறது.

படைவீரர் உலகிலும் இதுவே நிலை. அமெரிக்காவில் முன்னாள் படைப்பெண்களுக்கு, ஆண்களைவிட வாழ்க்கைத்துணை வாய்ப்பது குறைவு. ஆகவே வீட்டில் இறக்க விரும்பினும் பேணுவார் அரியர். நம் நாட்டில் 1888 முதல் படைச் செவிலியரும், 1992 முதல் பிற பிரிவுகளில் பெண் அதிகாரிகளும் பணியாற்றி வந்துள்ளனர். அவர்கள் முதுமை எய்தும்போது இக்கேள்வி நம் வாயிலுக்கும் வரும்.

உயிர்காப்புக் கருவிகளை மதிப்போடு விலக்கிக்கொள்ளும் உரிமை பற்றிக் கர்நாடக அரசு 2025 சனவரியில் சுற்றறிக்கை விடுத்தது, நன்று. ஆனால் தங்கவயல் மூதாட்டியின் துயர், அத்தகைய கருவி எதுவும் எட்டாத கட்டிலில் நிகழ்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அண்டை வீட்டாரையே பயிற்றுவித்து நோயாளியின் கட்டிலருகே அமர்த்தியது. இங்கு வேண்டுவது அதுவே என்பேன். பங்காருபேட்டை வழியே பெங்களூர் செல்லும் விடியல் வண்டியில் அந்த மூதாட்டியின் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகின்றனர், இருட்டியபின் திரும்புகின்றனர். நடுவிலுள்ள அந்தப் பகல் முழுதும் அவள் தனியே மூச்சுக்குப் போராடுகிறாள்.