மாயாவியும் மேஜர் மார்ட்டினும்: போர்க்கால சூப்பர் ஹீரோவை புதுச்சேரியில் உருவாக்கினால் எப்படி இருப்பார்?

மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். ஒரே ஒரு இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும்.

பெட்டிக்கடைகளில் காமிக்ஸ் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரும்புக்கை மாயாவி. 1972-ல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவருடையதுதான். தமிழ் பேசிப் பேசி நம் வீட்டு ஆளாகிவிட்ட மாயாவிக்குப் பிறந்த வீடு லண்டன். 1962-ல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் லூயிஸ் கிராண்டெல் என்ற பெயரில் பிறந்தவர்.

மாயாவியைப் போல ஒரு நாயகனை நாமே உருவாக்கி, நாமே அவராக மாறிப் பேசி விளையாடினால்? அதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் 'டேபிள்டாப் ரோல்பிளேயிங்'. ஸ்க்ரீன் கிடையாது, சார்ஜர் கிடையாது. நான்கைந்து பேர், பேப்பர், பென்சில், பகடை. அவ்வளவுதான்.

ஒருவர் 'கேம் மாஸ்டர்'. அவர்தான் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கேம் மாஸ்டர் கேட்பார். "ஜன்னல் வழியே குதிக்கிறேன்" என்பார் ஆட்டக்காரர். குதித்தாரா, காலை உடைத்துக்கொண்டாரா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இந்த வகைக்குத் தொடக்கம். வாரக்கணக்கில், சில குழுக்களில் வருடக்கணக்கில் நீளும் தொடர்கதைக்கு 'கேம்பெய்ன்' என்று பெயர்.

அதில் ஒரு பிரபலமான களம், இரண்டாம் உலகப் போர். சக்தி படைத்த மனிதர்கள் அந்தப் போரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கும் 'காட்லைக்' போன்ற ஆட்டங்கள் உண்டு. லண்டன் மீது குண்டு மழை. பிரிட்டனுக்கு ஒரு சூப்பர் ஹீரோ வேண்டும். யாரைக் கொண்டுவருவது?

பேப்பருக்கே பஞ்சம்

இங்கேதான் சிக்கல். அமெரிக்கர்களுக்குக் கேப்டன் அமெரிக்கா தயாராக இருந்தார். 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டார். பிரிட்டனிலோ காகிதத் தட்டுப்பாடு. 'பீனோ', 'டேண்டி' என்ற இரண்டு புகழ்பெற்ற சிறுவர் இதழ்களும் ஒரு வாரம் இது, மறு வாரம் அது என்று மாறி மாறி வந்த காலம் அது. உள்ளூர் சூப்பர் ஹீரோ என்று சொல்ல, 1944-ல் 'டேண்டி'யில் தலைகாட்டிய 'அமேசிங் மிஸ்டர் எக்ஸ்' போன்ற ஓரிருவரே உண்டு. பிரிட்டிஷ் கொடியை மார்பில் ஒட்டிக்கொண்டு நாஜிகளை அடிக்கும் 'யூனியன் ஜாக்' அமெரிக்க மார்வெல் காமிக்ஸில் பிறந்தது 1976-ல். போர் முடிந்து 31 ஆண்டுகள் கழித்து!

ஆக, பிரிட்டனின் போர்க்கால சூப்பர் ஹீரோக்களில் பெரும்பாலோர் பின்னால் வந்தவர்கள் இட்டுக்கட்டியவர்கள். இன்று ஒருவர் புதிதாக இட்டுக்கட்டினால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் பெரியது. மலையைத் தூக்குபவர் நம் பக்கம் இருந்தால் போர் ஏன் ஆறு ஆண்டுகள் நடந்தது? சூப்பர்மேனை எழுதியவர்கள் இதற்கு 1942-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளார்க் கென்ட் ராணுவத்தில் சேரப் போகிறார். கண் பரிசோதனை. பதற்றத்தில் எக்ஸ்ரே பார்வை வேலை செய்துவிட, சுவரைத் துளைத்துப் பக்கத்து அறையில் இருந்த அட்டையைப் படித்துவிடுகிறார். 'பார்வை சரியில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

சிரிப்பு வந்தாலும் பாடம் சரியானது. சக்தியைக் கொடுப்பது சுலபம். அந்தச் சக்தி எங்கே நிற்கும், அதற்கு என்ன விலை என்று முடிவு செய்வதில்தான் ஆள் உருவாகிறார்.

சட்டைப் பையில் ஒரு மனிதன்

இந்த வேலையில் உண்மையான கில்லாடிகள் காமிக்ஸ்காரர்கள் இல்லை. பிரிட்டிஷ் உளவுத்துறை.

1943 ஏப்ரல் 30. ஸ்பெயினின் உவெல்வா கடற்கரையில் ஒரு சடலம் கண்டெடுக்கப்படுகிறது. பிரிட்டிஷ் ராயல் மரீன்ஸ் படையைச் சேர்ந்த மேஜர் வில்லியம் மார்ட்டின். கோட்டின் பெல்ட்டோடு சங்கிலியில் பிணைத்த பெட்டியில் ரகசியக் கடிதங்கள். அடுத்த தாக்குதல் கிரீஸிலும் சார்டீனியாவிலும் என்று நம்பவைக்கும் கடிதங்கள். ஜெர்மனி நம்பியது. ஜூலை 10-ல் நேச நாட்டுப் படைகள் இறங்கியது சிசிலியில்.

மேஜர் மார்ட்டின் என்று ஒருவர் இருந்ததே இல்லை. அவரை நம்பவைத்தது அந்தக் கடிதங்கள் மட்டுமல்ல. சட்டைப் பையும்தான். நாடக டிக்கெட்டின் கிழிந்த பாதி. காதலியின் போட்டோ, அவள் எழுதிய இரண்டு கடிதங்கள். நிச்சயதார்த்த மோதிரத்துக்கான பில். கணக்கில் இருப்பதைவிட அதிகமாக எடுத்துவிட்டதாக வங்கி அனுப்பிய கண்டிப்புக் கடிதம். ஏற்கெனவே ஒரு அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு வாங்கிய மாற்று அட்டை. காதலிக்கும், கடன் வாங்கும், பொருளைத் தொலைக்கும் ஒரு மனிதர். ஆட்டக்காரர்கள் 'கேரக்டர் ஷீட்' என்று சொல்லும் தாளில் எழுத வேண்டியவை இவைதான். 'பலம்: 18' என்று எழுதுவது அப்புறம்.

அந்தச் சடலம் மட்டும் நிஜம். வேல்ஸைச் சேர்ந்த, வீடற்ற ஏழை க்ளிண்டவர் மைக்கேல். அவரது பெயர் உலகத்துக்குத் தெரியவே அரை நூற்றாண்டு ஆனது.

இன்னொருவர் ஸ்பெயின்காரர். ஹுவான் பூஜோல், ரகசியப் பெயர் 'கார்போ'. ஜெர்மனிக்கு உளவு சொல்வதாக நடித்து பிரிட்டனுக்கு வேலை பார்த்தவர். தனக்குக் கீழே 27 உளவாளிகள் இருப்பதாக ஜெர்மனியை நம்பவைத்தார். 27 பேரும் கற்பனை. அவர்களுக்கான சம்பளத்தை ஜெர்மனி நிஜமாகவே அனுப்பியது. லிவர்பூல் உளவாளி ஒருவர் தகவல் அனுப்பாததற்குக் காரணம் வேண்டியிருந்தது. அவரைச் 'சாகடித்து', உள்ளூர் நாளிதழில் இரங்கல் விளம்பரமும் கொடுத்தார்கள். இல்லாத கணவருக்காக, இல்லாத மனைவிக்கு உதவித்தொகையும் வாங்கினார்கள்!

அந்தக் கற்பனைப் பட்டியலில் இந்தியக் கவிஞர் ஒருவர் உண்டு. அவரது காதலியை பிரிட்டிஷ் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்த்து, இலங்கைக்கு மாற்றலும் கொடுத்தார்கள். 'கார்போ'வுக்கு 1944-ல் ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டன் எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. ஒரே போரில் இரண்டு பக்கமும் பதக்கம் வாங்கிய ஆள்.

நிஜ நாயகிக்குச் சக்தி தேவையில்லை

நூர் இனாயத் கானின் கதை இந்த இடத்தில் வந்தே ஆக வேண்டும். அப்பா பரோடாவைச் சேர்ந்த சூஃபி இசைக் கலைஞர், திப்பு சுல்தான் வழிவந்தவர். பிரான்ஸில் வளர்ந்த நூர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். பயிற்சி கொடுத்த சிலருக்கு அவர் மீது நம்பிக்கை இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர், தடுமாறுபவர் என்று நினைத்தார்கள். 1943 ஜூனில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸுக்குள் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். அந்த வேலையில் ஆறு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரிது என்பார்கள். அவர் அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது எதிரிக்கு உதவியாகப் போனது. 1944 செப்டம்பர் 13-ல் டாக்காவ் முகாமில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 30.

1949-ல் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளித்தது. பிரிட்டிஷாரோடு போரிட்டு மடிந்த திப்புவின் வழித்தோன்றலுக்கு!

நூரை அப்படியே ஆட்டத்தில் இறக்கிப் பறக்கவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த முரணை. யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்ற கேள்வியை. அந்தக் கேள்விக்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான மேசை கிடைப்பது கடினம்.

ஒரு ஊர், நான்கு பக்கம்

1940 ஜூனில் பாரிஸ் விழுந்தது. பிரான்ஸின் காலனிகளுக்கு முன் இரண்டு வழி. ஹிட்லரோடு சமரசம் செய்துகொண்ட விஷி அரசு ஒன்று, லண்டனிலிருந்து குரல் கொடுத்த டி கோல் இன்னொன்று. புதுச்சேரி கவர்னர் லூயி பொன்வேன் செப்டம்பரில் டி கோல் பக்கம் நின்றார். சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா இருக்க, வேறு முடிவெடுப்பது எளிதும் இல்லை.

அதே மாதம், புதுச்சேரிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போயிருந்த இந்தோசீனாவில் நேர்மாறு. அந்தக் காலனி விஷி பக்கம் நின்றது. வடக்கே ஜப்பானியப் படை நுழைந்தது. அப்பா புதுச்சேரியில் டி கோல் ஆட்சியில், மகன் சைகோனில் ஜப்பானின் நிழலில். பின்னாளில் நேதாஜியின் இயக்கத்துக்குச் சைகோன் ஒரு முக்கியத் தளமானது. புதுச்சேரியில் பிறந்த லெயோன் புருஷாந்தி தன் சைகோன் வீட்டையே இந்திய சுதந்திர லீகுக்குக் கொடுத்தார். நேதாஜி கடைசிப் பயணமாக விமானம் ஏறியதும் சைகோனில்தான், 1945 ஆகஸ்ட் 17.

பிரிட்டிஷார் தேசத்துரோக வழக்குப் போட்ட அரவிந்தர், 1910-ல் புதுச்சேரிக்கு வந்தவர், 1940-ல் நேச நாடுகளுக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். இதைவிடச் சிக்கலான கேரக்டர் ஷீட்டை யாரால் எழுத முடியும்?

வரைபடமும் கதைக்கு ஏற்றது. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் இல்லை. பிரெஞ்சுக் கிராமம், இடையில் பிரிட்டிஷ் கிராமம், மறுபடி பிரெஞ்சு. மாயாவியே வந்தாலும் எந்த வயலில் யார் சட்டம் என்று விசாரித்துவிட்டுத்தான் மறைய வேண்டும்.

இந்தப் பின்னணியில் மூன்று நாயகர்களை வைத்து ஆட்டத்தைத் தொடங்கலாம். மூவரும் முழுக் கற்பனை.

முதலாமவர் கலங்கரை விளக்கக் காவலர். கடற்கரைச் சாலையில் 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் இன்றும் நிற்கிறது, அதுவே அவர் இடம். மூச்சை அடக்கினால், அடக்கியிருக்கும் நேரம் வரை கடற்கரை முழுவதும் ஒரு விளக்கும் தெரியாது. ஜப்பானியக் கப்பலுக்கு ஊர் கண்ணில் படாது. அதே இருட்டில் கட்டுமரத்தில் போன சொந்தத் தம்பிக்கும் கரை தெரியாது.

இரண்டாவது, தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். கம்பியைத் தொட்டால் அதில் போகும் எந்தச் செய்தியும் காதில் விழும். கேட்டதை யார் கேட்டாலும் மறைக்க முடியாது. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, சம்பளம் கொடுப்பது பிரிட்டிஷ் உளவுத்துறை. அண்ணன் சைகோனில்.

மூன்றாவது, இரட்டைச் சகோதரர்கள். ஒருவருக்குக் காயம் பட்டால் வலி இருவருக்கும், பலமும் இருவருக்கும் பொது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுகிறது. ஒருவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில், இன்னொருவர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில். பிரிட்டனின் மிகப் பலசாலியான வீரர் தன் எதிரியை அடிக்கவே முடியாது.

கதையை எங்கே தொடங்குவது? 1942 ஏப்ரல் பொருத்தமானது. 5-ம் தேதி கொழும்பிலும், 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும், 9-ம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னையில் மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியே வந்துவிடக் கூடாதென்று மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள்.

கேம் மாஸ்டருக்குத் துணிச்சல் இருந்தால் கதையை 1943-க்கு நகர்த்தலாம். வங்காளப் பஞ்சம். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படும் பஞ்சம். மார்பில் பிரிட்டிஷ் கொடியோடு கல்கத்தா தெருவில் இறங்கும் ஹீரோ யாரை அடிப்பார்? அந்தக் காட்சியில் பகடையை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டக்காரர்களைப் பேசவிடுவது நல்லது. பத்து வயதுக் குழந்தைகள் மேசையில் இருந்தால் இந்த அத்தியாயம் வேண்டாம். கலங்கரை விளக்கமே போதும்.

பகடைக்கும் அலைய வேண்டியதில்லை. இந்த ஆட்டங்களுக்கு இருபது முகப் பகடை, பத்து முகப் பகடை என்று வகை வகையாகத் தேவைப்படும். ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்கும் வரை பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை போதும். ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் சக்தி தடையில்லாமல் வேலை செய்யும். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் செய்யாது. தாயம் விழுந்தால் வேலை செய்யும், ஆனால் கலங்கரை விளக்கக்காரர் தம்பியின் கட்டுமரம் எங்கே இருக்கிறது என்று கேம் மாஸ்டர் சொல்வார்.