பசங்க தப்பான வழிக்குப் போறது ஏன்... நாம என்ன செய்யலாம்?

16 வயசுப் பையன் செல்போன் பறிச்சு மாட்டிக்கிட்டான்னு நியூஸ் வந்தா, 'வளர்ப்பு சரியில்ல'ன்னு கமென்ட் போட்டுட்டு அடுத்த ரீல்ஸுக்குப் போயிடுறோம். ஆனா, பல நேரங்களில் அவன் ஸ்கூலைவிட்டு நின்னப்பவே கதை ஆரம்பிச்சிருக்கும். வீட்டில் குடிச்சண்டை, கையில் காசில்லை, 'சாப்பிட்டியா?'ன்னு கேட்க ஆளில்லை. அந்த நேரம் பார்த்துதான் 'நான் இருக்கேன்டா தம்பி'ன்னு ஓர் 'அண்ணன்' வருவார். முதலில் பிரியாணி, பைக். அப்புறம் 'ஒரு சின்ன வேலை'.

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களை 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்றே சொல்கிறது. அவர்களை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்ட்ரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். தண்டிப்பதைவிட திருத்துவதுதான் நோக்கம்.

ஆனா, அதுக்கு முன்னாடியே தடுக்க முடியும். வடசென்னை வியாசர்பாடியில் அந்த ஏரியாக்காரர்களே பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றாங்க. ஒருநாள் கிரவுண்டுக்கு வரலைன்னா, 'ஏன்டா வரல?'ன்னு கேட்க அங்கே ஆள் உண்டு.

உங்க தெருவிலும் ஸ்கூலுக்குப் போகாம சுத்துற பையன் இருந்தா, திட்டாம பேசுங்க. வீட்டில் அடி, வேலைக்கு அனுப்புறாங்கன்னு தெரிஞ்சா, 1098-க்கு இலவசமா போன் பண்ணுங்க.

நாம கேட்கலைன்னா, அந்த 'அண்ணன்' கேட்பார்!