கத்திக்கு முன்னே பரிசோதனை

பதின்மூன்று, பதினான்கு பிராயத்துச் சிறுவன் ஒருவன், சித்திரை வெயிலிலும் உள்ளே பனியனும் மேலே தடித்த சட்டையுமாக நடமாடுவதும், நண்பர்கள் கிணற்றில் குதிக்கையில் கரையிலேயே நின்றுவிடுவதும், ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே செல்ல வேண்டும் என்ற நியமமுள்ள திருச்செந்தூர் போன்ற ஸ்தலங்களில் வெளிப் பிராகாரத்தோடு திரும்பிவிடுவதும் பெற்றோருக்கு வெறும் கூச்சமாகவே தோன்றும். மார்புக் காம்பின் அடியில் திரண்டிருக்கும் ஒரு சிறு கட்டிதான் அதற்குக் காரணம் என்பதை அவன் வாய்விட்டுச் சொல்வதில்லை. கைனகோமாஸ்டியா என்று வைத்தியர்கள் குறிப்பிடும் இந்நிலை பெரும்பாலும் அபாயமற்றது. ஆயினும் அதை மறைக்கும் வெட்கமும், அந்த வெட்கத்தை விலைபேசும் விளம்பரங்களும் சேர்ந்து, முதலில் நடக்க வேண்டிய பரிசோதனையைக் கடைசிக்கும், கடைசியில் யோசிக்க வேண்டிய கத்தியை முதலுக்கும் தள்ளிவிடுகின்றன என்பதே கவலைக்குரிய விஷயம்.

ஆணின் சரீரத்திலும் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவு சுரக்கவே செய்கிறது. பருவமெய்தும் காலத்தில் அதற்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் இடையேயுள்ள சமநிலை சற்றுப் பிசகும்போது மார்பின் சுரப்பித் திசு வளர்கிறது. ஆண்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஏற்படும் இவ்வளர்ச்சி, 6 மாதம் முதல் 2 ஆண்டுக்குள் பெரும்பாலோருக்குத் தானாகவே அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்காமல் நீடித்தாலோ, இருபது வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றினாலோ காரணத்தைத் தேடுவது அவசியம். ஸ்பைரனோலாக்டோன், கீட்டோகோனசோல், ரிஸ்பெரிடோன், முடி உதிர்வுக்குத் தரப்படும் ஃபினாஸ்டிரைடு ஆகிய மருந்துகளும், மதுவால் கெட்ட கல்லீரலும், தைராய்டு மிகுதியும், சிறுநீரகச் செயலிழப்பும் இதை விளைவிக்கக்கூடும். இவற்றோடு இக்காலத்தில் சேர்ந்துகொண்டிருப்பது, உடற்பயிற்சிக் கூடங்களில் இரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசி. அதில் ஒரு பகுதி சரீரத்துக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடுவதால், மார்பை அகலமாக்க ஊசி போட்டுக்கொண்ட வாலிபன், பயிற்சியாளர்கள் 'கைனோ' என்று சொல்லும் இதே வீக்கத்தோடு வந்து நிற்கிறான்.

நல்ல வைத்தியர் நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு புறத்திலிருந்தும் காம்பை நோக்கி மெல்ல நகர்த்துவார். சுரப்பித் திசுவானால் காம்பைச் சுற்றி ரப்பர் வில்லைபோல் ஒன்று தட்டுப்படும். வெறும் கொழுப்பானால் எதுவும் தடுக்காமல் விரல்கள் காம்பு வரை சென்று சேரும். அத்தோடு நில்லாமல் அவர் விதைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விதையில் தோன்றும் புற்றுக்கட்டி சில சமயம் முதலில் மார்பு வீக்கமாகவே வெளிப்படுவதும், சிறுத்துக் கெட்டியான விதைகள் பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த கிளைன்ஃபெல்டர் நிலைக்கு அறிகுறியாவதும் உண்டு. சங்கோசத்தால் இப்பரிசோதனையை மறுப்பவன் தனக்கே தீங்கு செய்துகொள்கிறான். தேவைக்கேற்ப ஹார்மோன், கல்லீரல், சிறுநீரக, தைராய்டு இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் தொடரும். ஒரே பக்கத்தில், காம்பை விட்டு விலகி, கல்போல் கெட்டியான கட்டி, இரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல், அக்குளில் நெறிகட்டுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. அரிதாயினும் மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும்.

பருவ வயது வீக்கத்துக்குச் சிறந்த சிகிச்சை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு பொறுத்திருப்பதே. மருந்தால் வந்ததை, எழுதிக் கொடுத்த வைத்தியரின் ஆலோசனையோடு மருந்தை மாற்றித் தீர்க்கலாம். கொழுப்பாயின் எடையைக் குறைக்கலாம். வலியுள்ள புதிய வளர்ச்சிக்குச் சில மாதங்கள் டமாக்ஸிஃபென் தருவதுண்டு. ஓராண்டுக்கு மேல் நீடித்துத் திசு நாராக இறுகிவிட்டால் மாத்திரையால் பயன் சொற்பம். அப்போதே அறுவைச் சிகிச்சை. காம்பைச் சுற்றிய கருவளையத்தின் கீழ் ஓரத்தில் கீறிச் சுரப்பியை அகற்றுவதும், லைபோசக்ஷனால் கொழுப்பை உறிஞ்சுவதும் தேர்ந்த கைகளில் நல்ல பலன் தருகின்றன. ஆயினும் இரத்தம் கட்டுதல், நீர் கோத்தல், காம்பில் உணர்ச்சி குன்றுதல், அளவுக்கு மீறி அகற்றியதால் மார்பு குழிந்துபோதல், தழும்பு ஆகிய இடையூறுகள் உள்ளன. ஸ்டீராய்டைத் தொடர்பவனுக்கு வீக்கம் திரும்பவும் வரலாம். இராணுவத் தேர்வின் மருத்துவப் பரிசோதனையில் மார்பு வீக்கத்தால் திருப்பி அனுப்பப்படும் இளைஞர்கள், மறுபரிசோதனைக்கு முன் முடித்துவிட வேண்டுமென்ற அவசரத்தில், பரிசோதனை எதுவுமின்றிக் கத்திக்குச் சம்மதிப்பது தனிப் பரிதாபம்.

சம்மதம் என்பது கையெழுத்து மட்டுமன்று. சிகிச்சையின் தன்மை, பலன், அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதே சம்மதம் என்றும், ஒன்றுக்குத் தந்த சம்மதம் வேறொன்றுக்குச் செல்லாது என்றும் 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதினெட்டு நிறையாதவனுக்குப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். ஆகவே, அறுவை செய்பவர் யார், அவரது பதிவு எண்ணும் தகுதியும் என்ன, மயக்க மருந்து கொடுப்பவர் யார், அகற்றிய திசுவை நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்புவார்களா என்பவற்றை முன்பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்வது நோயாளியின் உரிமை. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பின் புகார்க் கட்டணமும் கிடையாது. வைத்தியரின் நடத்தையைப் பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் விசாரிக்கும். அழகுச் சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் பணம் மறுக்குமானால், மருத்துவ அவசியத்தை வைத்தியர் எழுத்தில் சான்றளித்திருப்பது முறையீட்டுக்கு ஆதாரமாகும்.

கல்லூரியில் மார்பு வீக்கத்தைச் சொல்லித் துன்புறுத்துவோர்மீது 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டத்தின்கீழ் புகார் தரலாம். ஆனால் சட்டத்துக்கும் கத்திக்கும் முந்திய உபாயம் பெற்றோரிடமே இருக்கிறது. "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று தட்டிக்கழிக்காமலும், விளம்பரத்தைப் பார்த்து ஓடாமலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு ஒன்றை வாங்கி, மகனை ஒருமுறை முறையாகப் பரிசோதிக்கச் செய்வார்களேயானால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்குமேல் பொறுமையைத் தவிர வேறொரு சிகிச்சையும் தேவைப்படாது.