காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒரு மொழி

நெல்வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. கட்டிய நீர் வடிந்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்போது அடுத்த தண்ணீர் விட்டால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பக்கம் இதைச் சொல்வார்கள். புதுமொழிச் சொற்களை மனத்தில் ஏற்றும் ‘அன்கி’ என்ற கைபேசிச் செயலியும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. படித்த சொல் மறக்கத் தொடங்கும் தறுவாயில் அதை மறுபடி கேட்கிறது. அதற்கு முன்னும் கேட்பதில்லை, வெகுநாள் கழித்தும் கேட்பதில்லை.

திருவாரூர் மாவட்டத்துக்கு இதனால் என்ன பயன்? கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியம் புதிதல்ல. வளைகுடா மருத்துவமனைக்குப் போகும் செவிலியர், கையிலிருக்கும் ஆங்கிலத்தோடு வார்டிலேயே கொஞ்சம் அரபியும் பொறுக்கிக்கொண்டு சமாளித்துவிடலாம். ஜெர்மனியில் அது நடக்காது. அங்கே முழுத்தகுதிச் செவிலியராக அங்கீகாரம் பெற, பெரும்பாலும் பி2 நிலை ஜெர்மன் தேறியிருக்க வேண்டும். இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்நாடு அறிவித்தபின், நர்சிங் முடித்த பிள்ளைகளுள்ள வீடுகளில் ஜெர்மன் பேச்சு அடிபடுகிறது. இலக்கணத்துக்கு வகுப்பு இருக்கிறது. மருத்துவச் சொற்கள்தான் மலைபோல் முன்னே நிற்கின்றன.

மறதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று 1885-இல் எழுதிக் காட்டியவர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணிகளில் சரசரவென்று போகிறது, பிறகு மெதுவாகக் கசிகிறது. 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைகளையும் ஒரு பெட்டியையும் வைத்து இதற்கு ஒரு வழி சொன்னார். விடை தெரிந்த அட்டை அடுத்த அறைக்கு நகரும். தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். அதைக் கணக்காக்கிக் கணினியில் ஏற்றியவர் போலந்து மாணவர் பியோத்ர் வோஸ்னியாக். உயிர்வேதியியலும் ஆங்கிலச் சொற்களும் தலையில் நிற்கவில்லை என்பதுதான் அவருடைய பிரச்சினை. 1987-இல் அவர் எழுதிய கணக்கின்படி, ஒரு சொல்லை முதலில் ஒரு நாள் கழித்துக் கேட்க வேண்டும், அடுத்து ஆறு நாள். அதன்பின் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகும்: 15 நாள், 38 நாள், 95 நாள். இடையில் மறந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. 2006-இல் டேமியன் எல்ம்ஸ் தாம் ஜப்பானிய மொழி படிப்பதற்காக எழுதிய ‘அன்கி’, இந்தக் கணக்கை அடியொற்றியே பிறந்தது. 2023 முதல், ஒவ்வொருவரும் மறக்கும் வேகத்தைக் கவனித்துத் தவணை வைக்கும் புதிய கணக்கையும் அதில் தேர்ந்துகொள்ளலாம்.

திரையில் நடப்பது எளிமையானது. அட்டையின் முன்பக்கம் வரும். மனத்துக்குள் விடை சொல்லிவிட்டுத் தட்டினால் பின்பக்கம் தெரியும். பிறகு நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்தி, மறந்ததா, சிரமப்பட்டதா, வந்ததா, சுலபமா என்று நீங்களே மதிப்பெண் போட வேண்டும். இங்கே பொய் சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான். விடையைப் பார்க்குமுன் ஒரு கணம் திணறுகிறோமே, அந்தத் திணறலில்தான் காரியம் இருக்கிறது. கார்ப்பிக்கியும் ரோடிகரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கொடுத்தார்கள். தன்னைத்தானே திரும்பத் திரும்பச் சோதித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 விழுக்காடு நினைவிலிருந்தது. ஒருமுறை சரியாகச் சொன்னதும் சோதனையை விட்டுவிட்டு, வெறுமனே மீண்டும் மீண்டும் படித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் நின்றது.

என் கட்சி என்னவென்றால், யாரோ செய்து வைத்த ஆயிரம் அட்டைக் கட்டை இறக்கிக்கொள்வது பாதிப் பயன்தான். நீங்களே எழுதும் அட்டைதான் ஒட்டும். பாடநூல் ‘தலைச்சுற்றல்’ என்பதற்குப் பெயர்ச்சொல் கொடுக்கும். நோயாளியோ ‘மியர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்’ என்பார். ஆகவே முன்பக்கத்தில் அந்த வாக்கியத்தின் ஒலியை மட்டும் வையுங்கள். பின்பக்கத்தில் ‘தலை சுத்துது’ என்று வீட்டுத் தமிழிலேயே எழுதுங்கள். ஜெர்மன் பெயர்ச்சொல்லுக்குப் பால் உண்டு. எனவே ரத்த அழுத்தத்தை ‘டெர் ப்ளூட்ட்ருக்’ என்றும், ஊசியை ‘டீ ஷ்ப்ரிட்ஸ’ என்றும், காய்ச்சலை ‘டஸ் ஃபீபர்’ என்றும் முன்சொல்லோடு சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும்.

எண்களுக்குத் தனியாக ஒரு கட்டு போடுங்கள். எழுபத்தைந்தை ஜெர்மானியர் ‘ஐந்தும் எழுபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். நாடித்துடிப்பு 75 என்று காதில் விழுந்ததை 57 என்று சார்ட்டில் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பது வார்டில் நின்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதற்கு எழுத்து அட்டை உதவாது, ஒலி அட்டைதான் வேண்டும்.

புதிய அட்டை தினம் பத்து போதும். இருபது, முப்பது என்று ஆசைப்பட்டால் சில வாரங்களில் திரும்பக் கேட்கும் அட்டைகள் நூறைத் தாண்டி, செயலியைத் திறக்கவே பயம் வந்துவிடும். இணையம் இல்லாமலும் இது ஓடும் என்பதால் மன்னார்குடிப் பேருந்தில் சிக்னல் விட்டுப் போனாலும் பாதகமில்லை.

ஆனால் இது வாத்தியார் அல்ல. உங்கள் உச்சரிப்பைத் திருத்தாது. பவேரியா முதியவரின் வட்டார வழக்கு இதில் இராது. ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலையைக் கோவையாக ஒப்புவிக்கவும் இது பழக்காது. அதற்கு வகுப்புத் தோழி ஒருத்தியைப் பிடித்து, ஒருவர் நோயாளி, ஒருவர் செவிலியர் என்று வாய்விட்டுப் பேசிப் பழகத்தான் வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இது இலவசம். ‘அன்கிட்ராய்ட்’ என்று தேடி இறக்குங்கள். ஐபோனில் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். கிட்டத்தட்ட இதே பெயரில் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் கடையில் உண்டு, ஏமாந்துவிடாதீர்கள். முகவர் கையில் லட்சக்கணக்கில் கொடுக்குமுன், தமிழ்நாடு அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.