ஆங்கிலச் சொல்லுறுப்புகள்

ஆங்கிலச் சொல்லுறுப்புகள் என்பன, ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கும்போது கிடைக்கும் பொருள் தரும் சிறு கூறுகள் ஆகும். சொல்லுக்கு அடிப்படையாக நிற்பது வேர் எனவும், அதன் முன் சேர்வது முன்னொட்டு எனவும், பின் சேர்வது பின்னொட்டு எனவும் அழைக்கப்படும். தமிழ் மாணவர்கள் பயிலும் பகுபத உறுப்பிலக்கணத்தோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் நன்னூல் கூறும் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறனுள் முன்னொட்டு இல்லை. தமிழ்ச் சொல் பெரும்பாலும் பின்புறமாகவே வளர்கிறது. ஆங்கிலச் சொல் இருபுறமும் வளர்கிறது.

இலக்கியம், அறிவியல், சட்டம் ஆகிய துறைகளின் சொற்களைக் கற்க இவ்வுறுப்புகள் பெரிதும் உதவுகின்றன. எனினும், உறுப்புகளின் பொருளைக் கூட்டினால் சொல்லின் பொருள் எப்போதும் கிடைத்துவிடும் என்று கொள்வது தவறு.

வரலாறு

ஆங்கிலம் செருமானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹேண்ட், வாட்டர், ஹவுஸ் போன்ற அன்றாடச் சொற்கள் அக்குடும்பத்தின் பழைய சொற்கள். இவற்றைப் பிரித்துப் பார்ப்பதால் மாணவருக்குப் பயன் இல்லை. 1066 ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் கலந்தன. 16 ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றிலிருந்து நேரடியாகவே சொற்களை எடுத்தாண்டனர். இதனால் ஒரே கருத்துக்கு மூன்று அடுக்குச் சொற்கள் அமைந்தன. அரசனுக்குரிய என்பதைக் குறிக்கும் கிங்லி பழைய ஆங்கில வழியிலும், ராயல் பிரெஞ்சு வழியிலும், ரீகல் இலத்தீன் வழியிலும் வந்தவை.

இவ்வாறு புகுந்த சொற்களை எல்லோரும் வரவேற்கவில்லை. தாமஸ் வில்சன் 1553 இல் வெளியிட்ட அணியியல் நூலில் இவற்றை "மைக்கூட்டுச் சொற்கள்" என்று எள்ளினார். சர் ஜான் சீக் மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர் தலைவனைக் குறிக்கும் சென்டூரியன் என்ற இலத்தீன் சொல்லை விலக்கி, நூறு என்னும் ஆங்கிலச் சொல்லிலிருந்து ஹண்ட்ரடர் என்று ஆக்கிக்கொண்டார். சீக்கின் ஆக்கங்கள் நிலைபெறவில்லை. மைக்கூட்டுச் சொற்களுள் பல நிலைபெற்றன. 1604 இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி, சுமார் 2,500 கடினச் சொற்களை மட்டுமே விளக்கியது. அதாவது, கடினச் சொற்களைக் கற்பது ஆங்கிலேயருக்கே ஒரு தனிப் பாடமாக இருந்தது.

இலக்கியச் சொற்கள்

இலக்கியக் கலைச்சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க உறுப்புகளால் ஆனவை. பெயர் எனப் பொருள்படும் ஓனிம் என்னும் உறுப்பு சினோனிம் (ஒருபொருட் பன்மொழி), ஆன்டோனிம் (எதிர்ச்சொல்), சூடோனிம் (புனைபெயர்) ஆகியவற்றில் வருகிறது. பெயர் அறியப்படாத ஆசிரியரைக் குறிக்கும் அனானிமஸ் என்பதிலும் இதுவே உள்ளது. முன் நிற்கும் அன் இன்மையைக் குறிக்கும்.

உயிர் வாழ்க்கையைக் குறிக்கும் பயோ, எழுதுதலைக் குறிக்கும் கிராஃப் ஆகியவை சேர்ந்தது பயோகிராஃபி. தான் எனப் பொருள்படும் ஆட்டோ அதன் முன் சேர, தன்வரலாறு என்னும் பொருள் கிடைக்கிறது. 1797 இல் வில்லியம் டெய்லர் ஒரு மதிப்புரையில், செல்ஃப் பயோகிராஃபி என்பது பாதி ஆங்கிலமும் பாதி கிரேக்கமுமான கலப்புச் சொல் என்று குறைகூறினார். ஆனால் ஆட்டோபயோகிராஃபி என்றால் புலமைப் பகட்டாகத் தோன்றும் என்றும் அவரே எழுதினார். பகட்டானது என்று அவர் ஐயுற்ற சொல்லே இன்று வழக்கில் உள்ளது.

மெட்டஃபர் (உருவகம்) என்பது ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்லுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முரண்பட்ட இரு சொற்களை இணைக்கும் ஆக்சிமோரான் என்பதில் கூர்மை, மழுங்கல் என்னும் இரு கிரேக்கச் சொற்கள் உள்ளன. அச்சொல்லே அதற்கு எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

இலத்தீன் வழிச் சொற்களுள் செய்யுளைக் குறிக்கும் வெர்ஸ் குறிப்பிடத்தக்கது. இதன் வேர் திரும்புதல் என்னும் பொருளுடையது. ஏர் ஒரு சாலை உழுது முடித்துத் திரும்புவது போல, ஓர் அடி முடிந்து அடுத்த அடிக்குத் திரும்புவதை இது குறிக்கிறது. உரைநடையைக் குறிக்கும் புரோஸ், நேராக முன்செல்வது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனுள்ளும் இதே வேர் மறைந்துள்ளது. ரிவர்ஸ், கன்வர்ட் ஆகியவையும் இவ்வேரின் வழிவந்தவையே. டெக்ஸ்ட் (பனுவல்) என்பதன் வேருக்கு நெய்தல் என்று பொருள். துணியைக் குறிக்கும் டெக்ஸ்டைல் அதன் உடன்பிறப்பு. தமிழில் நூல் என்ற சொல் இழையையும் ஏட்டையும் குறிப்பதும், நன்னூல் பாயிரம் நூலுக்குப் பஞ்சையும் இழையையும் கொண்டு விளக்கம் தருவதும் இங்கு ஒப்பு நோக்கத்தக்கன.

பிழையான பிரிப்புகள்

ஒரே வடிவமுடைய உறுப்புகள் வெவ்வேறு மொழிகளிலிருந்து வந்திருக்கக்கூடும். ஹோமோ என்பது கிரேக்கத்தில் ஒத்த என்றும், இலத்தீனில் மனிதன் என்றும் பொருள்படும். முன்னது ஹோமோனிம் என்பதிலும், பின்னது கொலையைக் குறிக்கும் ஹோமிசைட் என்பதிலும் உள்ளது. முன் எனப் பொருள்படும் ஆன்டி இலத்தீன். எதிர் எனப் பொருள்படும் ஆன்டி கிரேக்கம். எழுத்தில் முன்னது ஈ என்ற எழுத்திலும் பின்னது ஐ என்ற எழுத்திலும் முடிவதே வேறுபாடு. டயலாக் என்பதில் இருப்பது இரண்டைக் குறிக்கும் டை அன்று. ஊடாக எனப் பொருள்படும் டயா. ஆகவே பலர் கலந்து பேசுவதும் டயலாக் ஆகும்.

இன்ஃபிளேமபிள் என்பதில் உள்ள இன் எதிர்மறை அன்று. எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே அதன் பொருள். இதனைத் தீப்பற்றாதது எனப் பிரித்துப் பொருள்கொள்வது உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், 20 ஆம் நூற்றாண்டில் எச்சரிக்கைச் சீட்டுகளில் ஃபிளேமபிள் என்ற வடிவம் வற்புறுத்தப்பட்டது.

சில சொற்களில் பிரிப்பு சரியாக இருந்தும் பொருள் விளங்காது. டிராஜெடி (துன்பியல் நாடகம்) என்பதன் கிரேக்க உறுப்புகள் ஆடு, பாட்டு என்பன. ஆட்டுக்கும் நாடகத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மாறாக, பிழையான பிரிப்பே புதிய சொல்லைத் தருவதும் உண்டு. ஹெலிகாப்டர் என்பது சுருள் எனப் பொருள்படும் ஹெலிகோ, சிறகு எனப் பொருள்படும் ப்டெர் ஆகியவற்றின் சேர்க்கை. மக்கள் அதனை ஹெலி, காப்டர் எனப் பிரித்ததால் ஹெலிபோர்ட் என்ற சொல் தோன்றியது. கேட்டமரான் என்பதன் முற்பகுதி கேட்டலாக் என்பதில் உள்ள கிரேக்க முன்னொட்டைப் போல் தோன்றினாலும், அது தமிழின் கட்டுமரம் என்னும் சொல்லே ஆகும். அதன் பிற்பகுதியைப் படகின் உடலைக் குறிக்கும் உறுப்பாகக் கொண்டு, மூன்று உடல்களை உடைய படகுக்கு டிரைமரான் எனப் பெயரிட்டனர்.

கற்கும் முறை

உறுப்புகளின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஏற்கனவே அறிந்த இரண்டு மூன்று சொற்களில் பொதுவாக உள்ள உறுப்பைக் கண்டுகொண்டு அதன் பொருளை உணர்வது எளிது. டெலிபோன், டெலிகிராம் என்பவற்றை அறிந்தவர் டெலி என்பது தொலைவைக் குறிக்கும் என்று தாமே கண்டறியலாம். புதிய சொல்லின் பொருளை உறுப்புகளைக் கொண்டு ஊகித்த பின், அது வரும் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய ஆங்கில அகராதிகள் சொற்பிறப்பைத் தனியே தருகின்றன. ஒத்த வடிவமுடைய இரு உறுப்புகளுள் எது என்பதை அங்குதான் உறுதி செய்ய முடியும்.