இடது கண்ணா, இடது பக்கமா?

மதுரை செல்லூரில் விசைத்தறி ஓட்டும் அறுபது வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நெடுநாளாக உண்டு. ஒரு நாள் காலையிலிருந்து தறியில் இடது ஓரத்துப் பாவில் இழை அறுந்தால் அவருக்குத் தெரிவதில்லை. துணியில் கோடு விழுந்த பிறகு முதலாளி வந்து சத்தம் போடுகிறார். வீட்டுக்குள் நுழையும்போது இடது தோள் நிலையில் இடிக்கிறது. கோரிப்பாளையம் சிக்னலில் இடது பக்கமாக வந்த ஆட்டோ மேலே ஏறுகிற அளவுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. "இடது கண்ணு சரியாத் தெரியல" என்கிறார்.

மகன் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போகிறான். பலகையில் உள்ள எழுத்துகளைத் தட்டுத்தடுமாறினாலும் கடைசி வரி வரை படித்துவிடுகிறார். வலது கண்ணை மூடினாலும் படிக்கிறார், இடது கண்ணை மூடினாலும் படிக்கிறார். "பவர் ஒண்ணும் பெரிசா இல்லையே" என்று கடைக்காரர் அனுப்பிவிடுகிறார்.

மதுரைக்காரர்களுக்குக் கண் வைத்தியம் என்றால் பயம் கிடையாது. 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரில்தான் இருக்கிறது. வாத நோயால் விரல்கள் கோணிப்போன பிறகும் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவைகள் செய்தவர் அவர். கண் முகாமில் பேர் கொடுத்து, புரை எடுத்து, கறுப்புக் கண்ணாடியோடு பஸ்ஸில் திரும்பிய பாட்டியோ தாத்தாவோ இல்லாத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு பக்க விளைவும் உண்டு என்பது என் எண்ணம். பார்வையில் என்ன குறை வந்தாலும் கோளாறு கண்ணில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். கண்ணாடி, இல்லாவிட்டால் புரை, அதுவும் இல்லாவிட்டால் சொட்டு மருந்து. நம் தறிக்காரருக்கு இந்த மூன்றும் உதவாது. அவருக்குப் போனது இடது கண் அல்ல, இரண்டு கண்களுக்கும் இடது பக்கம். கோளாறு தலைக்குப் பின்னால், பொடனிக்குச் சற்று மேலே இருக்கிறது.

அது எப்படி என்று புரிய, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியைப் பார்க்க வேண்டும். இடது கண் இடது பக்கத்தையும் வலது கண் வலது பக்கத்தையும் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் கோடிக்கணக்கான ஒளி உணரும் செல்கள் இருக்கின்றன. ஆனால் அங்கிருந்து கிளம்பும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் சுமார் 10 லட்சம்தான். அதாவது எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வு கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு நரம்புகளும் மூளையின் அடியில் சந்திக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் அங்கே எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன, மற்றவை வந்த பக்கமே போகின்றன. இந்தப் பிரிப்பின் பலனாக, உலகத்தின் இடது பாதி முழுவதும், எந்தக் கண் பார்த்தாலும், வலது மூளைக்கும், வலது பாதி முழுவதும் இடது மூளைக்கும் போய்ச் சேர்கிறது. வழியில் தலாமஸில் ஒரு நிறுத்தம், பிறகு பின்மண்டையில் உள்ள பிடரி மடல்.

ஆகவே பார்வை எந்த விதத்தில் குறைந்திருக்கிறது என்பதை வைத்தே பழுது எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே கண்ணில் மட்டும் குறை என்றால் கண்ணோ அதன் நரம்போ. இரண்டு கண்களுக்கும் வெளி ஓரங்கள் போயிருந்தால் நரம்புகள் சந்திக்கும் இடத்தை ஏதோ அழுத்துகிறது, பெரும்பாலும் பிட்யூட்டரிக் கட்டி. இரண்டு கண்களுக்கும் ஒரே பக்கம் போயிருந்தால், சந்திப்புக்குப் பின்னால், எதிர்ப்பக்க மூளையில் கோளாறு. இதைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது இயந்திரம்கூட அல்ல. மருத்துவர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "என் மூக்கைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைப்பார். ஒரு முறை வலது, ஒரு முறை இடது, ஒரு முறை இரண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடி அதையே செய்வார். இரண்டு நிமிட வேலை. அதில் சந்தேகம் வந்தால்தான் கிண்ணம் போன்ற கருவியில் முகத்தை வைத்து, புள்ளி ஒளிரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் சோதனை. நம் தறிக்காரருக்கு, முடிவில் வரும் தாளில் இரண்டு கண்களுக்கும் ஒரே பக்கம் கறுத்திருக்கும்.

பிடரி மடலில் உலகத்தின் வரைபடம் இருக்கிறது என்பதைத் துப்பாக்கிக் குண்டுகள்தான் காட்டிக்கொடுத்தன. 1904-05இல் ரஷ்யாவும் ஜப்பானும் போரிட்டன. ரஷ்யர்களின் புதுத் துப்பாக்கிக் குண்டுகள் சிறியவை, வேகமானவை. மண்டை ஓட்டின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியும் பலர் பிழைத்துக்கொண்டார்கள். தட்சுஜி இனோயே என்ற இளம் ஜப்பானியக் கண் மருத்துவருக்குக் கிடைத்தது சலிப்பான அரசாங்க வேலை: காயம்பட்ட சிப்பாய்க்குப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது, அதற்கு எவ்வளவு ஓய்வூதியம் என்று கணக்கிடுவது. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளக்கத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். இரண்டு துளைகளுக்கும் இடையே கோடு போட்டால் மூளையில் எந்த இடம் சிதைந்தது என்று தெரியும். அதைச் சிப்பாய் சொல்லும் குருட்டுப் பகுதியோடு ஒப்பிட்டார். 1909இல் அதை வெளியிட்டார். நேர் எதிரே இருப்பதை நாம் பார்க்கும் நடுப்பார்வைக்கு மடலின் கடைக்கோடி நுனி, ஓரப் பார்வைக்கு உள்ளே தள்ளிய பகுதி. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான் நாம் கூர்மையாகப் பார்க்கும் வட்டம். அந்தச் சின்ன வட்டத்துக்கு மூளை ஒதுக்கியிருக்கும் இடமோ மிகப் பெரிது. ஓய்வூதியக் கணக்கிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை வந்திருக்கிறது.

சரி, பாதி உலகம் போனவருக்கு அங்கே என்ன தெரியும்? இருட்டா? இல்லை. அதனால்தான் அவரால் சொல்லத் தெரிவதில்லை. இதைப் படிக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் விழித்திரைக்குப் பார்க்கும் செல்களே கிடையாது. ஆனால் அங்கே ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். கிழிசலில் இழையோட்டுவது போல, சுற்றிலும் உள்ளதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. இந்த நிரப்பும் வேலையை விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் நம்ம ஊர்க்காரர், வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் போய், பிறகு கலிபோர்னியாவில் சான்டியாகோவில் பேராசிரியரானவர். துண்டித்த கை வலிக்கிறது என்பவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியால் வைத்தியம் பார்த்தவர் என்றுதான் வெளியே பேர். பார்வை ஆராய்ச்சியில்தான் அவர் தொடங்கினார்.

பிடரி மடலோடு கதை முடிவதில்லை. கோடு, விளிம்பு, சாய்வு என்று அங்கே துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டது (டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைகளில் இதைக் கண்டறிந்து 1981இல் நோபல் பெற்றார்கள்) பிறகு பல இடங்களுக்குப் பிரிந்து போகிறது. நிறத்துக்கு ஒரு இடம், முகத்துக்கு ஒரு இடம், அசைவுக்கு ஒரு இடம். எது பழுதாகிறதோ அது மட்டும் போகும். எல்.எம். என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் ஜெர்மானியப் பெண்ணுக்கு மூளை ரத்தக்குழாய் அடைப்பால் அசைவு மட்டும் போய்விட்டது. மியூனிக்கில் யோசஃப் ஸீல் குழுவினர் 1983இல் இதை எழுதினார்கள். அவர் டீ ஊற்றினால் அது பனிக்கட்டி மாதிரி உறைந்து நிற்கும், கோப்பை நிரம்புவது தெரியாமல் வழிந்துவிடும். தூரத்தில் நின்ற கார் அடுத்த கணம் பக்கத்தில் நிற்கும், நடுவில் அது வந்தது தெரியாது. கோரிப்பாளையத்தில் அப்படி ஒருவர் சாலையைக் கடப்பதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. முகம் அறியும் இடம் பழுதானவர் மனைவியை அவர் வாய் திறந்த பிறகுதான் அடையாளம் காண்பார்.

இன்னொன்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். பிடரி மடல் பழுதான ஒருவரை லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் என்ற உளவியலாளர் சோதித்தார். குருட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, "எங்கே இருக்கிறது, சும்மா ஊகித்துச் சுட்டுங்கள்" என்றார். "எனக்கு எதுவுமே தெரியவில்லையே" என்று சொல்லிக்கொண்டே அவர் பெரும்பாலும் சரியாகச் சுட்டினார். 1974இல் அது வெளிவந்தது. பிடரி மடலைத் தொடாமல் மூளைத்தண்டு வழியாகப் போகும் பழைய பாதைகள் சில உண்டு. அவை பார்க்கின்றன, பார்த்ததை நம்மிடம் சொல்வதில்லை.

பாதிப் பார்வை போவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று இருக்கிறது. வலது மூளையின் உச்சிப் பக்கத்து மடலில் அடைப்பு வந்தால், இடது பக்கம் தெரிந்தாலும் அதைக் கவனிக்கவே தோன்றாது. இலையில் சோறு போட்டால் இடது மேல் ஓரத்து உப்பும் ஊறுகாயும் அப்படியே கிடக்கும். "ஊறுகாய் வைக்கலையா?" என்று கேட்பார். முகத்தில் ஒரு பாதி மட்டும் சவரம் செய்திருப்பார். பாதிப் பார்வை போனவர் குறை தெரிந்து தலையைத் திருப்பிப் பார்ப்பார். இவருக்கு இடது என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது. வீட்டுக்காரர்களுக்கு இது அலட்சியமாகவோ அடமாகவோ தோன்றும். இவரைத் தனியாக விடுவது இன்னும் ஆபத்து.

குழந்தைகளின் கதை வேறு. குறைமாதத்தில் பிறந்தோ, பிறக்கும்போது மூச்சுத் திணறியோ மூளையின் பார்வைப் பாதை பாதிக்கப்பட்ட குழந்தையின் கண் பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். ஆடும் கிலுகிலுப்பையைப் பார்க்கும், அசையாமல் வைத்தால் பார்க்காது. வெறும் பாயில் கிடக்கும் பந்தை எடுக்கும், பொம்மைக் கூட்டத்துக்குள் அதே பந்தைத் தேடாது. "வேணும்னே பாக்க மாட்டேங்குறான்" என்று பாட்டி சொல்வாள். வேண்டுமென்று அல்ல. ஒரே சமயத்தில் பல பொருள் என்றால் அந்த மூளைக்குப் பிரிக்க முடிவதில்லை. எளிய பின்னணி, ஒரே ஒரு பொருள், கெட்டியான நிறம், சிறிது அவகாசம் என்று பழக்கினால் பல குழந்தைகள் முன்னேறுகின்றன. குழந்தை மூளை வளைந்துகொடுக்கும். டெல்லியில் பவன் சின்ஹா நடத்திய பிரகாஷ் திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வை இல்லாமல் 8 முதல் 17 வயதில் அறுவை செய்துகொண்ட 5 பேரைச் சோதித்தார்கள். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்ததும் அடையாளம் சொல்ல அவர்களால் முடியவில்லை. 2011இல் வெளிவந்த முடிவு அது. சில நாட்களிலேயே அந்தத் திறன் மேம்பட்டது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு. பக்கவாதத்தால் பார்வை போனால் தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான், அதுவும் அரைகுறையாக. அதனால்தான் முதல் மணி நேரங்கள் முக்கியம். கை கால் விழுந்தால் பதறி ஓடுகிறோம். திடீரென்று ஒரு பக்கம் தெரியவில்லை என்றால் "காலைல கண்ணாடிக் கடைக்குப் போகலாம்" என்கிறோம். அதுவும் பக்கவாதமாக இருக்கலாம், கை கால் விழாத பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. செல்லூரிலிருந்து அரசு ராஜாஜி மருத்துவமனை கூப்பிடு தூரம். 108ஐக் கூப்பிட்டு, "இத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது" என்று நேரத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பிறகு வருவது பழக்கம். இடது பக்கம் போனவருக்கு நாளிதழில் அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. பத்தியின் இடது ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, "அந்தக் கோடு தெரியும் வரைக்கும் திரும்புங்க" என்று பழக்குவார்கள். வலது பக்கம் போனவர் பாடு இன்னும் மோசம். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், கண் அடுத்த சொல்லை முன்கூட்டியே தொட்டுக்கொண்டுதான் தாவுகிறது. அந்த முன்னோட்டம் போனதும் ஒவ்வொரு சொல்லிலும் முட்டி முட்டி நிற்பார். தாளைச் சாய்த்து வைத்துப் படிப்பது சிலருக்குக் கைகொடுக்கிறது. கண்ணைக் குருட்டுப் பக்கம் வேகமாகத் துள்ளவிட்டுத் தேடும் பயிற்சி, பொருளைக் கண்டுபிடிக்கவும் நடமாடவும் உதவும். இழந்த பக்கத்தைத் திருப்பித் தராது.

பெரிய சண்டை வண்டிச் சாவியில்தான் வரும். கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்தவர் அவர், "கண்ணு நல்லாத்தானே இருக்குன்னான்" என்று கேட்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அந்தப் பலகை நடுப்பார்வையைத்தான் சோதிக்கிறது, ஓரத்தில் வரும் ஆட்டோவை அல்ல. பார்வைப் புலச் சோதனைத் தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, கறுத்திருக்கும் பாதியை அவரிடமே காட்டி, சாவியைப் பையன் எடுத்து வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி.