தொலைவிலுள்ள கணிப்பொறியிடம் வேலை வாங்குதல்

மைசூரு நகரின் நியாயவிலைக் கடையொன்றில் அட்டைதாரர் கருவியின்மீது விரலை வைக்கிறார். ரேகையை ஒப்பிடும் வேலை அக்கருவியில் நடைபெறுவதில்லை. பெங்களூரிலும் மானேசரிலும் உள்ள ஆதார் ஆணையத்தின் கணிப்பொறி நிலையங்களே அதற்குரியவை. அங்கே செல்வது எக்ஸ்.எம்.எல். நடையில் அமைந்த ஒரு வேண்டுகோள். திரும்புவது அதே நடையில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடை.

இவ்வினத்து முறைகளுள் மிக எளியது எக்ஸ்.எம்.எல்.-ஆர்.பி.சி. என்பதாகும். 1998ஆம் ஆண்டில் டேவ் வைனரும் மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரும் வகுத்தது. வேலையின் பெயரையும் அதற்கு வேண்டிய மதிப்புகளையும் எழுதி, வலைப்பக்கங்கள் செல்லும் எச்.டி.டி.பி. வழியிலேயே அனுப்பினால் போதும். வேலை நடவாவிடின் பிழையின் எண்ணும் விளக்கமும் வரும். விதிகள் சில பக்கங்களே. ஆசிரியர் ஒரே வகுப்பில் நடத்திவிடலாம்.

களப்பணியாளர் கருதவேண்டியது வேறொன்று. விடையே வாராதிருத்தல் 'இல்லை' என்னும் விடையாகாது. அதைக் கொண்டு எவரையும் திருப்பியனுப்புதல் முறையன்று. வேண்டுகோள் வழியில் தொலைந்திருக்கலாம். வேலை முடிந்து, விடை மட்டும் தொலைந்திருக்கலாம். ரேகைச் சோதனையைத் தயங்காது மீண்டும் கேட்கலாம். அரிசி வழங்கியதைப் பதியும் வேண்டுகோளோ இருமுறை சென்றால், கணக்கில் இருமுறை கழியக்கூடும். இதைத் தடுக்க, அத்தகைய வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இடுவதுண்டு. அதே எண் மறுபடி வந்தால் பொறி புதிதாகப் பதியாது, பழைய விடையையே திருப்பியனுப்பும்.